ஆனால், ஆயினும், இல்லாட்டி: உத்திரமேரூர்ச் சுவரில் ஒரு நிரல்

அடி அண்ணாமலையில் எங்கள் சித்தப்பா வீட்டுத் திண்ணையில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். வாரம் பூரா சம்பளத்துக்குச் செய்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமையும் எதுக்குச் செய்யணும்னு வீட்டில் கேட்பார்கள். பதில் இல்லை. மலையின் மேற்குப் பக்கத்து முகம் எனக்குப் பிடிக்கும், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார இது ஒரு சாக்கு.

கிரிவலப் பாதையில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், பௌர்ணமி அன்றைக்கு ஊர் நம்முடையது இல்லை. 14 கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம். ஆதி அண்ணாமலையார் கோயில் பக்கம் சைக்கிள்கூட நகராது. அதனால் முதல் வாரமே கதவில் சாக்பீஸால் எழுதிப் போட்டேன்: "பௌர்ணமி ஆனால் வகுப்பு இல்லை."

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் சித்தப்பா போன் பண்ணினார். "ரெண்டு பசங்க நோட்டோட வந்து உக்காந்திருக்காங்கப்பா, நீ எங்க இருக்க?" நான் சென்னையில், ஆபீசில். போனை வாங்கின பையன் கேட்டான்: "இன்னிக்கி பௌர்ணமி இல்லையே சார், அப்ப வகுப்பு இருக்குதானே?"

அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் ஒரு 'ஆனால்' மட்டும் எழுதினேன், அதுக்கு ஒரு 'இல்லாட்டி'யை அவன் சேர்த்துக்கொண்டான். பேச்சுத் தமிழில் நாம் எல்லாரும் செய்கிறதுதான். "சாப்பிட்டா டிவி பாக்கலாம்" என்று அம்மா சொன்னால், சாப்பிடாவிட்டால் டிவி கிடையாது என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறோம். கணினிக்கு மட்டும்தான் அது புரியாது. நிரல் கற்கிற பிள்ளைகள் நிபந்தனைக் கூற்றில் தடுமாறுவதற்குக் காரணம் தர்க்க அறிவு குறைவு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்குத் தர்க்கம் நன்றாகவே தெரியும். சொல்லாததையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும் தர்க்கம் அது. அதுதான் இடிக்கிறது.

நான் பள்ளியில் ஜிடபிள்யூ பேசிக்கில் 'இஃப்... தென்' கற்றவன். கறுப்புத் திரை, வரி எண் 10, 20, 30. கெமனியும் குர்ட்ஸும் 1964ல் டார்ட்மத் கல்லூரியில், கணிதம் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்று உருவாக்கிய மொழியின் பேரப்பிள்ளை அது. அதற்கு முன்னால் 1957ல் ஐபிஎம் 704 இயந்திரத்துக்கு வந்த ஃபோர்ட்ரானில் 'இஃப்' வேறு மாதிரி இருந்தது. அடைப்புக்குறிக்குள் ஒரு கணக்கு, அதன் பின்னால் மூன்று வரி எண்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே என்றால் முதல் எண்ணுக்குத் தாவு, சரியாகப் பூஜ்யம் என்றால் இரண்டாவதுக்கு, மேலே என்றால் மூன்றாவதுக்கு. அசிங்கமான சாதனம்தான். ஜான் மெக்கார்த்தி சதுரங்க நிரல் எழுதும்போது இதோடு மல்லுக்கட்டித்தான், மதிப்பையே திருப்பித் தருகிற நிபந்தனைக் கோவையை யோசித்தார். அது லிஸ்ப்பில் வந்தது, அல்கால் 60லும் இடம்பிடித்தது. இன்றைக்கு நாம் எழுதும் 'இல்லாட்டி' அந்த வழியில் வந்தது. ஆனாலும் அந்தப் பழைய மூன்று வழி 'இஃப்' மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஏன் என்று கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு நான் எடுத்துக்கொண்டது எழில். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி (எங்கள் ஊர்ப் பெயரே அவர் பெயரில் இருந்ததில் பசங்களுக்கு ஒரு குஷி). 2009ல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார், பைத்தானின் மேல் கட்டப்பட்டது, திறந்த மூல மென்பொருள். இதில் நிபந்தனை இப்படி இருக்கும்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுபடி எழுது"
முடி

நிபந்தனை முதலில், 'ஆனால்' அதற்குப் பிறகு. ஆங்கிலத்தில் 'இஃப்' என்று முதலிலேயே எச்சரித்துவிட்டு நிபந்தனையைச் சொல்வார்கள். தமிழில் நிபந்தனை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அது நிபந்தனை என்றே தெரியும். 'மழை வந்த' வரைக்கும் கேட்டவருக்கு, அடுத்தது 'போது'வா, 'தால்' ஆ என்று தெரியாது. தொல்காப்பியமும் நன்னூலும் அடுக்குகிற வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' என்று ஒன்று உண்டு. அதுதான் நம் பழைய 'இஃப்'. அதுவும் வினையின் வாலில்தான் ஒட்டுகிறது. எழில் இந்த வரிசையை மதித்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஆங்கில வரிசையில் தமிழ்ச் சொற்களை மட்டும் மாற்றி வைத்திருந்தால் கற்பிக்கிறவன் பாடு திண்டாட்டம்.

ஒரே ஒரு சிக்கல். 'ஆனால்' என்றால் இன்றைய தமிழில் 'பட்' என்றும் அர்த்தம். "மதிப்பெண் 35க்கு மேல், ஆனால் தேர்ச்சி" என்று ஒரு பையன் வாசித்துவிட்டு, "ஏன் சார், தேர்ச்சின்னா சந்தோஷம்தானே, எதுக்கு ஆனால்?" என்று கேட்டான். 'ஆகு' என்கிற வினையின் நிபந்தனை வடிவம்தான் இது, 'அப்படி ஆகுமானால்' என்பதுதான் முதல் பொருள் என்று விளக்கினேன். "அப்ப பட்டுக்கு முன்னாடியே இஃப் வந்திருச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

இன்னொன்றும் பார்த்தோம். 'வந்தா தரேன்', 'வந்தாலும் தரேன்', 'வந்தாத்தான் தரேன்'. மூன்றும் மூன்று தர்க்கம். நிரல்மொழிகளில் முதலாவதுக்கு மட்டும்தான் தனிச் சொல். மற்ற இரண்டையும் 'அல்லது', 'மற்றும்', 'அல்ல' என்று உடைத்து எழுத வேண்டும். ஓர் 'உம்'மும் ஒரு 'தான்'உம் செய்கிற வேலை.

பாடப்புத்தகங்களில் வரும் தேர்ச்சி–தோல்வி உதாரணம் இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. நிஜமான, சிக்கலான, மனுஷங்க எழுதின நிபந்தனைத் தொகுப்பு வேண்டும். தமிழில் அப்படி ஒன்று என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது உத்திரமேரூர்தான். திருவண்ணாமலையிலிருந்து சேத்துப்பட்டு, வந்தவாசி வழியாகப் போகலாம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள். ஒன்று 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. இன்னொன்று 14ஆம் ஆண்டு, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள். வி. வெங்கய்யா தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் இவற்றை விரிவாக எழுதினார். பின்னால் நீலகண்ட சாஸ்திரி தன் சோழர் ஆய்வுகளில் பாடத்தோடு விளக்கினார். 'குடவோலை' என்று பள்ளிப் புத்தகத்தில் நாம் எல்லாரும் ஒரு பத்தியில் படித்தது இதைத்தான்.

921ஆம் ஆண்டு விதிகளின் சாரம் இது. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுத வேண்டும். தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 70க்குக் கீழ், 35க்கு மேல், மந்திர பிராமணம் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும், ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் விளக்கிச் சொல்லத் தெரிந்தவன் என்றால் அவன் பெயரையும் எழுதலாம். காரியத்தில் திறமை வேண்டும், ஒழுங்காகச் சம்பாதித்தவனாக இருக்க வேண்டும், கடந்த மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது, அவன் சொந்தக்காரர்களும் கூடாது. பெரும்பாவங்கள் செய்தவர்கள், பிறர் பொருளைத் திருடியவர்கள், கள்ளக் கையெழுத்து இட்டவர்கள், கழுதை ஏறியவர்கள் கூடாது.

கழுதையில் வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆனது. கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடுவது அந்தக் காலத்து அவமானத் தண்டனை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நிரல்காரன் பார்வையில் அது ஒரு கொடி: ஒருமுறை உயர்ந்தால் இறங்காது. கல்வெட்டில் இரண்டு வகையும் இருக்கிறது. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்யும் வரைதான் தடை. சிலவற்றுக்குப் பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும் ஆயுள் முழுக்கத் தடை. இந்த வேறுபாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாங்கள் எழுதும் விதித் தொகுப்புகளில் இந்த 'எப்போது வரை' என்பது விட்டுப்போய், ஒரு வாடிக்கையாளரின் கணக்கு நிரந்தரமாக முடங்கின கதை என் அனுபவத்திலேயே உண்டு. அந்த வரியை எழுதினவன் நான்தான்.

சரி, நிரலுக்கு வருவோம். முதல் சண்டை வயதில். "35க்கு மேல்னா 35 சேருமா சேராதா சார்?"

தமிழ்நாட்டில் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு 35 என்கிற எண் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. 35 எடுத்தால் பாஸ், 34 என்றால் இல்லை. அவர்கள் வாழ்க்கையே அந்தச் சமக் குறியில்தான் நிற்கிறது. 'மேற்பட்ட' என்று கல்வெட்டு சொல்வதை '>' என்று எழுதுவதா, '>=' என்று எழுதுவதா? போதாக்குறைக்கு இன்னொரு பையன், "35 நடக்குதா, 35 முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான். எங்க ஊர்ப் பெரியவர்கள் வயசு சொல்வதே அப்படித்தானே. சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது பிரச்சினையாகவே இருந்திருக்காது. ஆளைத் தெரியும், அவன் பிறந்த வருஷம் தெரியும், சந்தேகம் வந்தால் அங்கேயே பேசி முடித்திருப்பார்கள். சுவரில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற நமக்குத்தான் ஓட்டை தெரிகிறது. இங்கேதான் அந்தப் பழைய ஃபோர்ட்ரான். வயதிலிருந்து 35ஐக் கழி, விடையைக் கொடு என்றால், பூஜ்யம் வந்தால் எங்கே போவது என்று நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் நிரல் எழுத முடியாது. எல்லைக்கோட்டில் நிற்கிறவனுக்கு அந்த அசிங்கமான 'இஃப்' ஒரு தனி வழி ஒதுக்கியிருந்தது.

919ஆம் வருஷ உத்தரவில் வயது வரம்பு வேறு: 30க்கு மேல், 60க்குக் கீழ். இரண்டே வருஷத்தில் மாற்றிவிட்டார்கள். விதியை எழுதி, நடைமுறைப்படுத்தி, திருத்தி, இரண்டையும் அதே கோயில் சுவரில் விட்டு வைத்திருக்கிறார்கள். என் மாதிரி ஆட்களுக்கு இது தங்கம். இரண்டு பதிப்புகளையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 919ல் 31 வயசுக்காரன் ஒருவன் தகுதி பெறுகிறான். 921ல் அவனுக்கு 33, தகுதி போய்விட்டது. வயசு கூடினதால் அல்ல, விதி அவனைத் தாண்டி ஓடினதால். அதே 919ல் 62 வயதாகி ஓரம் கட்டப்பட்டவர், 921ல் 64 வயதில் திரும்பவும் பானைக்குள். ஊரில் யாருக்குச் சாதகம், யாருக்கு வருத்தம் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

மூன்று வருஷ இடைவெளி விதியையும் கணக்குப் போட்டோம். வருஷத்துக்கு ஒரு குடும்பிலிருந்து ஒருவர். போனவர் அடுத்த மூன்று வருஷம் வர முடியாது. அப்படியென்றால் விதி உடையாமல் சுற்றி வர ஒரு குடும்பில் குறைந்தது 4 தகுதியான ஆட்கள் வேண்டும், 30 குடும்புக்கு 120 பேர். இது சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 என்று பிரிகிற அந்த 30 இடங்களுக்கு மட்டும். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் தனி. யோக்கியனாகவும் படித்தவனாகவும் நிலம் உள்ளவனாகவும் யாருக்கும் கணக்குப் பாக்கி இல்லாதவனாகவும் தெருவுக்கு நாலு பேர்! மேல் வயதை 70க்கு நீட்டினதில் இந்தக் கணக்குக்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டாவது சண்டை அடைப்புக்குறியில். அரைக்கால் வேலி விதிவிலக்கு எதை எல்லாம் தளர்த்துகிறது? நிலத்தை மட்டுமா, வீட்டையும் சேர்த்தா, வயதையுமா? ஒருத்தன் இப்படி எழுதியிருந்தான்:

@( நிலம் > 0.25 && வீடு && வயது > 35 && வயது < 70 && மந்திரம் || நிலம் >= 0.125 && வேதம் && பாஷ்யம் ) ஆனால்

இதன்படி, நான்கு வேதத்தில் ஒன்றும் பாஷ்யமும் தெரிந்த 12 வயசுப் பையன் ஏரி வாரியத்துக்குப் போகலாம். வீடு இல்லாதவனும் போகலாம். இன்னொருத்தன் நிலத்தையும் படிப்பையும் மட்டும் ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு, வயதையும் வீட்டையும் வெளியே விட்டிருந்தான். கல்வெட்டின் வாக்கியத்தில் அடைப்புக்குறி இல்லை. இருப்பது 'ஆயிலும்' என்கிற 'உம்'. "அரைக்கால்தான் ஆனாலும்" என்று நிலத்தின் மேல் மட்டும் அந்த உம்மை விழுகிறது, அதனால் தளர்வது நிலம் மட்டும் என்று நான் வாசிக்கிறேன். இரண்டாவது பையன் சொன்னதுதான் சரி. ஒரு உம்மையின் இடம் மாறினால் பானைக்குள் போகிற ஓலை மாறும்.

சீட்டு எடுக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், அதை விட்டால் பாவம். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை முழுக்கக் கூட வேண்டும். கோயில் நம்பிமார் எல்லாரும் இருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையன் ஒரு குடும்பின் கட்டை எடுக்கிறான், அது வேறொரு வெறும் குடத்தில் போட்டுக் குலுக்கப்படுகிறது, அதிலிருந்து அவன் ஓர் ஓலை எடுத்துத் தருகிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். உள்ளங்கையில் வேறு ஓலை இல்லை என்று எல்லாருக்கும் தெரிய. அவன் வாசித்த பெயரை நம்பிமாரும் வாசிக்க வேண்டும். எழிலில் இதற்குச் சமமான வரியைப் பிள்ளைகளிடம் எழுதச் சொன்னேன். ஒரு வரிதான், எழுதிவிட்டார்கள். ஐந்து விரலை எப்படி எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

மூன்றாவது விஷயம் சண்டை இல்லை. எட்டாவது படிக்கிற ஒரு பெண், இதுவரை அதிகம் பேசாதவள், நிரலை முடித்துவிட்டுத் தன் ஆயாவின் விவரங்களைக் கொடுத்தாள். வயது 62. நிலம், கால் வேலிக்கு மேல் (ஒரு வேலி ஏறக்குறைய 6⅔ ஏக்கர் என்று சொல்லியிருந்தேன், ரெண்டு ஏக்கர் இருந்தால் தாண்டிவிடும்). சொந்த மனை, சொந்த வீடு. திருட்டு இல்லை, கழுதை இல்லை. மந்திரம் என்ற இடத்தில் 'உண்மை' என்று போட்டாள். பசங்க சிரித்தார்கள். "எங்க ஆயாவுக்குத் திருவெம்பாவை முழுசும் மனப்பாடம், மார்கழி பூரா மாணிக்கவாசகர் கோயில்ல அவங்கதான் மத்தவங்களுக்குச் சொல்லித் தருவாங்க. ஓதுவிக்கணும்னுதானே போட்டிருக்கு?" என்றாள். மணிவாசகர் இந்த ஊரில் தங்கித்தான் அதைப் பாடினார் என்பது எங்கள் ஊர் மரபு, கிரிவலப் பாதையிலேயே அவருக்குக் கோயில் இருக்கிறது. அவளோடு யார் வாதம் பண்ணுவது?

நிரல் ஓடியது. "ஓலை எழுது" என்று வந்தது.

"அப்ப எங்க ஆயா அந்தக் காலத்துல இருந்திருந்தா மெம்பரா இருந்திருப்பாங்களா சார்? இப்பகூட ஒருவாட்டி வார்டு மெம்பரா இருந்தாங்க."

இல்லை என்றேன். "எங்க போட்டிருக்கு?" என்றாள். நான் சுருக்கிக் கொடுத்த தாளில் இல்லைதான். ஓர் ஆண்–பெண் மாறியே நான் வைக்கவில்லை. அடுத்த வாரம் மூலப் பாடத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். வரிவரியாகத் தேடினோம். 'பெண்கள் கூடாது' என்று எங்கேயும் இல்லை. பிறகு அவளே விரல் வைத்தாள்: நிலம் 'உடையான்', வீட்டில் 'இருப்பான்', ஓத 'அறிவான்'.

கல்வெட்டுத் தமிழுக்கு 'இஃப்' அதிகம் தேவைப்படுவதில்லை. "தர்மத்துக்குக் கேடு செய்தால்" என்று சொல்வதைவிட, கேடு 'செய்தான்' கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிப்பதுதான் வழக்கம். நிபந்தனையே ஓர் ஆளாக மாறிவிடுகிறது. அழகான கட்டுமானம். ஆனால் ஆளாக மாறும்போது 'ஆன்' என்கிற விகுதியும் கூடவே வந்துவிடுகிறது. முதல் நிபந்தனை அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது, யாரும் அதைத் தனியாக எழுதவில்லை. அதற்கும் வெளியே இன்னொன்று: உத்திரமேரூர் ஒரு சதுர்வேதி மங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், அந்தச் சபை அவர்களுடைய சபை. அந்த ஊரிலேயே உழுதவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் இந்தக் குடத்தோடு சம்பந்தம் இல்லை. அது சுவரில் விதியாகச் சொல்லப்படவில்லை, கேட்கக்கூடிய ஆள் அந்த மண்டபத்துக்குள் இல்லாததால். தினமும் பார்க்கிறேன், எங்கள் வேலையிலும் மிக ஆபத்தான நிபந்தனை இந்த வகைதான். எழுதினது தப்பாக இருந்தால் சோதனையில் மாட்டும். எழுதாததைச் சோதிக்க எவனுக்கும் தோன்றாது.

பெண்கள் கல்வெட்டில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரர் பட்டியலைப் பாருங்கள்: தாயின் சகோதரிகளுடைய மகன்கள், அத்தை மகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மகளைக் கட்டிய மருமகன். தாய், சின்னம்மா, அத்தை, மனைவி, சகோதரி, மகள் எல்லாரும் இருக்கிறார்கள், ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்குப் போகிற வழியாக. சி மொழியில் இதைச் சுட்டி என்போம்: தனக்கென்று மதிப்பு கிடையாது, இன்னொன்றின் முகவரியை மட்டும் வைத்திருக்கும். எட்டாம் வகுப்புக்குச் சுட்டி நடத்தக் கூடாது என்பது என் கொள்கை, அன்றைக்கு மீறினேன்.

2020 டிசம்பர் 10, புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டுப் பேசினார். 'உலகின் முதல் ஜனநாயகம்' என்கிற ரீதியில் வாட்ஸப்பில் இன்னும் சுற்றுகிறது. கணக்குக் காட்டாதவனையும் அவன் மருமகனையும் சேர்த்துத் தடுத்த விதிக்கு நானும் கை தட்டுவேன். ஆனால் சரியாக ஐந்து வருஷம் முன்னால், 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஹரியானா பஞ்சாயத்துச் சட்டத் திருத்தத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தில் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வேண்டுமானால் பத்தாம் வகுப்பு. பெண் ஆனாலோ பட்டியல் சாதியினர் ஆனாலோ எட்டாம் வகுப்பு. பட்டியல் சாதிப் பெண், அதுவும் பஞ்ச் பதவிக்கு மட்டும் ஆனால், ஐந்தாம் வகுப்பு. கூட்டுறவுக் கடன் பாக்கியும் மின்கட்டணப் பாக்கியும் கூடாது, வீட்டில் கழிப்பறை வேண்டும். படிப்பு, பாக்கி, வீடு. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மாறிகளின் பெயர்தான் வேறு. ராஜஸ்தானிலும் இப்படிக் கல்வித் தகுதி வைத்தார்கள், 2019ல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லாததால்தான், அதோடு 1993ல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எழுதி வைத்ததால்தான், ஐந்தாவதோடு நின்ற ஓர் ஆயா வார்டு மெம்பர் ஆக முடிந்தது. இங்கே 2016ல் அது பாதியாக உயர்ந்தது. இந்த முறை விகுதியில் ஒளிக்காமல் வெளியே எழுதிய நிபந்தனை.

அந்தப் பெண் இப்போது இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறாள். 'உத்திரமேரூர்_921' என்பதில், கேட்காமலே இருந்த இரண்டு நிபந்தனைகளையும் எல்லாவற்றுக்கும் வெளியே எழுதிவிட்டாள்:

@( ஆண் && பிராமணர் ) ஆனால்

ஆயாவின் விவரத்தைக் கொடுத்தால் மற்ற எந்தக் கேள்விக்கும் போகாமல் முதல் வரியிலேயே 'இல்லை' என்று வெளியே வருகிறது. மற்ற பசங்களில் ஒவ்வொருத்தனும் தன் அப்பா விவரத்தைப் போட்டுப் பார்த்தான். ஒருத்தனுக்கும் ஓலை கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் திண்ணை அமைதியாக இருந்தது. இன்னொரு கோப்பின் பெயர் 'ஆயா'. அதில் அந்த வரி இல்லை, கணக்குக் காட்டாதவன் வரி அப்படியே இருக்கிறது, கழுதையையும் எடுக்கவில்லை.

கதவில் இருந்த அறிவிப்பையும் திருத்திவிட்டேன். "ஞாயிறு ஆனால் வகுப்பு. ஞாயிறே ஆனாலும், பௌர்ணமி ஆனால் வகுப்பு இல்லை. மற்ற நாளில் இல்லை." போன வாரம் போனபோது அதன் கீழே வேறொரு கையெழுத்தில், சின்னதாக, "கார்த்திகை தீபம் பௌர்ணமிக்கு மொதநாள் ஞாயித்துக்கெழமை வந்தா?" என்று இருந்தது.